படம் எடுத்தாயிற்று, திரை எங்கே?

2023-ஆம் ஆண்டு ஜூலை 31. மணிப்பூர் நிலைமையை விவாதிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கு நடுவே, ஒளிப்பதிவுச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பின் மூலம் நிறைவேறியது. மாநிலங்களவை நான்கு நாள்களுக்கு முன்பே அதற்கு ஒப்புதல் அளித்திருந்தது. திரைப்படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை, குறைந்தபட்சம் 3 லட்சம் ரூபாய் அபராதம் என்பது மசோதாவின் முக்கிய அம்சம். திருட்டுப் பதிவுகளால் திரைத்துறைக்கு 20,000 கோடி ரூபாய் வரை இழப்பு ஏற்படுவதாக அரசுத் தரப்பில் கூறப்பட்டது.

திருட்டைத் தடுக்க வேண்டும் என்பதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை. ஆனால், ஒரு படம் திருடப்பட வேண்டுமானால்கூட முதலில் அது திரையரங்குக்கு வந்தாக வேண்டும். நட்சத்திரங்கள் இல்லாமல், சொந்த ஊரையும் சொந்த மக்களையும் நம்பிக் குறைந்த செலவில் எடுக்கப்படும் படங்களில் பல அந்த வாசலை மிதிப்பதே இல்லை. அந்தப் படங்கள் மக்களைச் சென்றடைவதற்கான வழி குறித்து அந்த மசோதாவில் ஒரு வரிகூட இடம்பெறவில்லை.

இது ஒரு மசோதாவின் குறை மட்டுமல்ல. கடந்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மத்திய அரசு கடைப்பிடித்து வரும் திரைப்படக் கொள்கையின் குறையும் இதுதான். படம் எடுப்பதற்குப் பணம் கொடுத்துவிட்டால் தனது கடமை முடிந்துவிட்டதாக அரசு எப்போதும் கருதி வந்திருக்கிறது. எடுத்த படத்தை எங்கே காட்டுவது என்ற கேள்வி, எடுத்தவரின் தலையிலேயே விடப்படுகிறது.

அசாமில் குவாஹாட்டிக்கு அருகே உள்ள சாய்காவ் பகுதியைச் சேர்ந்தவர் ரீமா தாஸ். நடிகையாகும் கனவுடன் மும்பைக்குச் சென்றவர். திரைப்படக் கல்லூரி எதிலும் முறையாகப் பயிலாதவர். ஊருக்குத் திரும்பி வந்து, கையடக்கமான ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொண்டு 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' என்ற படத்தை எடுத்தார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு எல்லாம் அவரே. ஒலிப்பதிவைக் கவனித்துக் கொண்டவர் உறவுக்காரப் பெண் மல்லிகா தாஸ். நடித்தவர்கள் அந்த ஊர்க் குழந்தைகள். கிதார் வாங்கக் கனவு காணும் துனு என்ற சிறுமியின் கதை அது. படப்பிடிப்பு விளக்குகள் இல்லை; பகல் வெளிச்சமே விளக்கு. ஊரில் வெள்ளம் வந்தபோது அந்த வெள்ளமே காட்சியானது. இப்படியாகச் சில ஆண்டுகள் பொறுமையாகப் படம் வளர்ந்தது.

2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 2018-இல் அறிவிக்கப்பட்ட 65-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், நாட்டின் சிறந்த படம் என்ற விருதையும், குழந்தை நட்சத்திரம், படத்தொகுப்பு, களத்தில் செய்த ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கான விருதுகளையும் பெற்றது. ஜானு பருவாவின் 1987-ஆம் ஆண்டுப் படத்துக்குப் பிறகு, ஓர் அசாமியப் படம் சிறந்த படமாகத் தேர்வானது அப்போதுதான். அதே ஆண்டில் ஆஸ்கர் விருதுக்கான இந்தியாவின் அதிகாரபூர்வப் படமாகவும் அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு, உலகம் பார்த்து ஓராண்டு கழிந்த நிலையில், 2018 செப்டம்பர் இறுதியில்தான் அந்தப் படம் சொந்த மண்ணின் திரையரங்குகளுக்கு வந்தது. நாட்டின் சிறந்த படம் என்று குடியரசின் பெயரால் முத்திரை பெற்ற ஒரு படத்துக்கே இதுதான் நிலைமை என்றால், விருது பெறாத படங்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழகத்துக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. மதுரை மாவட்டத்தின் வறண்ட நிலத்தில் பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்', 2021-இல் ரோட்டர்டாம் விழாவின் தலைசிறந்த விருதான புலி விருதைப் பெற்றது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே. 2023 அக்டோபரில் அது இணையத் தளம் ஒன்றில் நேரடியாக வெளியானது. எந்த மக்களின் வாழ்க்கை அதில் சொல்லப்பட்டதோ, அந்த மக்கள் மேலூரிலோ மதுரையிலோ நுழைவுச் சீட்டு வாங்கி அதைத் திரையரங்கில் பார்க்கும் வாய்ப்பு அமையவில்லை.

படச்சுருள் காலத்தில் சிக்கல் வேறாக இருந்தது. நான்கரை நிமிடம்கூட ஓடாத 400 அடிச் சுருளை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும். கழுவுவதற்கும் பிரதி எடுப்பதற்கும் தனித்தனியே பணம் வேண்டும். அரசின் கடனுதவிக்கு அன்று பெரும் பொருள் இருந்தது. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு அந்தச் சுவர் பெருமளவு இடிந்துவிட்டது. நடிகர்களுக்கு ஊதியம், குழுவினருக்குச் சாப்பாடு, தங்குமிடம், வண்டி வாடகை ஆகியவைதாம் இன்று சிறிய படப்பிடிப்பின் பெரும் செலவுகள். அவற்றையும் நண்பர்களும் உறவினரும் பகிர்ந்து கொள்வதுண்டு.

அதன் பிறகுதான் உண்மையான செலவு தொடங்குகிறது. நிறச் சீரமைப்பு, ஒலிக் கலவை, மொழிபெயர்ப்பு எழுத்துகள், தணிக்கைக் கட்டணம், திரையரங்கின் ஒளிபரப்புக் கருவி ஏற்கும் வடிவில் படத்தை மாற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் கட்டணம். அதற்கும் மேல், டிஜிட்டல் திரையிடல் நிறுவனங்கள் தயாரிப்பாளரிடம் வசூலிக்கும் கட்டணம். இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018-ஆம் ஆண்டில் தென்னிந்தியத் தயாரிப்பாளர்கள் புதிய படங்களை வெளியிடாமல் நிறுத்தினர். பெரிய தயாரிப்பாளர்களே போர்க்கொடி தூக்கிய கட்டணத்தை, நகையை அடகு வைத்துப் படமெடுத்தவர் எப்படித் தாங்குவார்? விளம்பரச் செலவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இத்தனையும் கட்டிய பிறகு கிடைப்பது என்ன? காலை பத்து மணிக்கு ஒரு காட்சி. அதுவும் வேலை நாள்களில். கூட்டம் இல்லை என்று சொல்லி அடுத்த வெள்ளிக்கிழமை படம் எடுக்கப்பட்டுவிடும். வருவாய்ப் பங்கீடும் சிறிய படத்துக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. 2009-இல் மும்பை தயாரிப்பாளர்களும் மல்டிபிளெக்ஸ் உரிமையாளர்களும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மோதிக்கொண்ட பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி, தயாரிப்பாளர் தரப்புக்கு முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதற்குப் பிறகு 30 சதவீதம். முதல் மூன்று நாளில் வசூலை அள்ளும் நட்சத்திரப் படத்துக்கு இது இலாபம். பார்த்தவர் சொல்லிக் கேட்டவர் வருவதால் மெல்ல வளரும் படத்துக்கு, கூட்டம் சேரத் தொடங்கும்போது பங்கு குறைந்துவிடுகிறது. பெரும்பாலும் அதற்குள் படமே தூக்கப்பட்டு விடுகிறது.

ஏறத்தாழ 140 கோடி மக்கள் வாழும் இந்த நாட்டில் இருக்கும் திரைகள் சுமார் 10,000. சீனத்தில் 80,000-க்கும் அதிகம். பண்டமும் குறைவாக, கடையும் குறைவாக இருந்தால் ஒரு நியாயம் உண்டு. உலகிலேயே மிக அதிகமாகப் படமெடுக்கும் நாடுகளுள் ஒன்றில் கடைகள் இவ்வளவு குறைவாக இருப்பது, வலியவர்கள் மட்டுமே சந்தைக்குள் நுழைய முடியும் என்ற நிலையை உண்டாக்கியிருக்கிறது.

மத்திய அரசு இந்தத் துறையில் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951-இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1960-இல் திரைப்பட நிதிக் கழகம் அமைக்கப்பட்டது. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படமான 'சுயம்வரம்' ஆகியவை அந்தக் கழகத்தின் பணத்தால் உருவானவை. பின்னாளில் அக்கழகத்தைத் தன்னுள் இணைத்துக் கொண்ட தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், 1983-இல் பத்து லட்சம் ரூபாய்க்கும் குறைவான செலவில் குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ'வை எடுத்தது. அரசியல்வாதி, ஒப்பந்ததாரர், அதிகாரி ஆகியோரின் கூட்டணியை நகைத்த அந்தப் படம், 2012-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது.

ஆனால், இந்த முயற்சியை நாடாளுமன்றம் எந்தக் கண்ணோடு பார்த்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். 1976-இல் பொதுத்துறை நிறுவனங்கள் குழு, திரைப்பட நிதிக் கழகம் கலைப் படங்களுக்குக் கடன் கொடுத்துப் பணத்தை முடக்கிவிட்டதாகக் கண்டித்தது. வசூலுக்கு வாய்ப்புள்ள படங்களுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றது. கடன் திரும்பாததன் காரணத்தை அப்போதே சரியாக ஆராய்ந்திருந்தால், கொள்கை வேறு பாதையில் போயிருக்கும். திரையிட இடமே இல்லாத படம் கடனை எப்படித் திருப்பிச் செலுத்தும்? உழவனுக்கு விதைக்கடன் கொடுத்துவிட்டு, விளைச்சலை விற்கச் சந்தைக்குப் பாதை போடாமல், கடனைக் கட்டவில்லை என்று உழவனைக் குறை சொன்னதற்கு ஒப்பானது அது.

ஒரே ஒரு பாதை சில காலம் திறந்திருந்தது. 1980-களில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் தூர்தர்ஷன் பல்வேறு மொழிகளின் விருதுப் படங்களை ஒளிபரப்பியது. வங்கத்தையும் அசாமையும் ஒருபோதும் நேரில் பார்த்திராத தமிழ்க் குடும்பங்கள், அந்த மக்களின் சமையலறையையும் வயலையும் சண்டையையும் அழுகையையும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தன. தேசிய ஒருமைப்பாடு குறித்து ஆயிரம் மேடைகளில் பேசியதைவிட அந்தப் பிற்பகல்கள் அதிகம் சாதித்தன. தனியார் தொலைக்காட்சிகளின் போட்டி வந்ததும் தூர்தர்ஷனும் வசூலின் பின்னால் ஓடியது.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்திருப்பவை என்ன? திரைப்படப் பிரிவு, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், குழந்தைகள் திரைப்படச் சங்கம், திரைப்பட விழா இயக்ககம் ஆகிய நான்கும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் கொண்டுவரப்படும் என்று 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது; 2022 மார்ச்சில் அது செயலுக்கு வந்தது. தணிக்கை வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிட 1983 முதல் இருந்து வந்த திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 2021 ஏப்ரலில் அவசரச் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. 2017-இல் சான்றிதழ் மறுக்கப்பட்ட 'லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா'வுக்கு வழிவிட்டது அந்தத் தீர்ப்பாயம்தான். இப்போது முறையீடு என்றால் உயர்நீதிமன்றம். அங்கே வழக்குரைஞருக்குக் கொடுக்கும் கட்டணமும் காத்திருக்கும் மாதங்களும் பெரிய நிறுவனத்துக்குப் பொருட்டல்ல. சிறிய படைப்பாளிக்கோ அது படத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதற்குச் சமம்.

வெளிநாட்டினர் இந்தியாவில் படமெடுத்தால் செலவில் 40 சதவீதம் வரை, அதிகபட்சம் 30 கோடி ரூபாய் ஊக்கத்தொகை என்று 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதனால் வேலைவாய்ப்பும் அன்னியச் செலாவணியும் வரும் என்பது சரியே. ஆனால், அந்த ஒரு படத்தின் ஊக்கத்தொகைக்கு எத்தனை சாய்காவ்களுக்கு ஒரு சிறு திரையைக் கட்டித் தரலாம் என்ற கணக்கையும் யாராவது போட்டுப் பார்க்க வேண்டும்.

2024 மே மாதம், பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' கான் விழாவில் கிராண்ட் பிரீ பரிசை வென்றபோது நாடே கொண்டாடியது. ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்' 1994-இல் போட்டிப் பிரிவில் இடம்பெற்றதற்குப் பிறகு, 30 ஆண்டுகள் கழித்து அப்பிரிவுக்குத் தேர்வான இந்தியப் படம் அது. மும்பையில் வேலை பார்க்கும் மலையாளச் செவிலியரின் கதை. அதன் கூட்டுத் தயாரிப்பு நாடுகளாக பிரான்ஸ், நெதர்லாந்து, லக்சம்பர்க், இத்தாலி ஆகியவற்றின் பெயர்கள் இந்தியாவின் பெயரோடு இடம்பெற்றிருந்தன. நம் செவிலியரின் கதையைச் சொல்ல நாம் அயலாரின் கருவூலத்தை நாட வேண்டியிருந்தது.

பிரான்ஸ் அதை எப்படிச் செய்கிறது என்பது கவனிக்கத்தக்கது. அங்கு விற்கப்படும் ஒவ்வொரு திரையரங்க நுழைவுச் சீட்டிலிருந்தும் ஏறத்தாழ 10.7 சதவீதம் தனி வரியாகப் பிடிக்கப்பட்டு, திரைப்படத் துறைக்கே திரும்பி வருகிறது. பெரிய படத்தைப் பார்க்கும் கூட்டம், தன்னையறியாமலேயே சிறிய படத்துக்கும் சிறிய திரையரங்குக்கும் உதவுகிறது. இந்தியாவில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட நுழைவுச் சீட்டுக்கு 18 சதவீதம் சரக்கு - சேவை வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான சீட்டுக்கு வரி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால், சிறிய படங்களுக்கு இடம் கிடைக்கும் நகர மல்டிபிளெக்ஸ்களில் 100 ரூபாய்க்குள் சீட்டு அரிது. முன்பு நல்ல படங்களுக்கு மாநில அரசுகள் அளித்து வந்த கேளிக்கை வரி விலக்கும் 2017-இல் புதிய வரி முறை வந்ததோடு தன் பழைய பயனை இழந்துவிட்டது.

யாரும் பார்க்காத படத்துக்கு மக்களின் வரிப்பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அரசு பணம் கொடுத்தால் எந்தக் கதை எடுக்கப்பட வேண்டும் என்பதையும் அரசே தீர்மானிக்கும் என்ற அச்சமும் நியாயமானதே. பெண் இயக்குநர்களுக்கும் தலித், பழங்குடி இயக்குநர்களுக்கும் படம் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை வழங்கும் கேரள அரசின் திட்டம் முன்னோடியானது. ஆனால், 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டில், அந்தத் தொகை அதிகம், பயனாளிகளுக்கு முன்கூட்டியே பயிற்சி தேவை என்று அடூர் கூறியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அரசுக் கடனில் தன் முதல் படத்தை எடுத்தவரே அப்படிக் கூறலாமா என்ற கேள்வி ஒருபுறம். எடுப்பதற்கான பணத்தை யாருக்குத் தருவது என்று அரசு முடிவு செய்யும் வரை இத்தகைய பூசல்கள் தொடரும் என்பது மறுபுறம்.

திரைக்குச் செலவிடுவதில் இந்தச் சிக்கல் குறைவு. ரயில் பாதையைப் போடும் அரசு, அதில் யார் பயணம் செய்யலாம் என்று தேர்ந்தெடுப்பதில்லை. அதுபோல, காட்டுவதற்கு இடத்தையும் நேரத்தையும் உறுதி செய்துவிட்டால், எந்தப் படம் நிலைக்கும் என்பதை மக்களே தீர்மானித்துக் கொள்வார்கள்.

மக்களுக்கு ஆர்வமில்லை என்பதும் உண்மையன்று. 1976-இல் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் கொடுத்து ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்தைத் தயாரித்தனர். பிறகு அவர்களே திரண்டு வந்து அதைப் பார்த்தனர். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் அவரது தோழர்களும் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் நிதி திரட்டி 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை உருவாக்கினர். எடுத்த படத்தை அந்த ஊர்களுக்கே கொண்டு சென்று காட்டினர். 2013-இல் கன்னடத்தில் பவன் குமாரின் 'லூசியா'வுக்கு ரசிகர்கள் சுமார் 50 லட்சம் ரூபாய் திரட்டிக் கொடுத்தனர். மொழியும் காலமும் வேறு, பாடம் ஒன்று. படத்தோடு மக்களுக்குத் தொடர்பு ஏற்பட வழி இருந்தால் அவர்கள் வருகிறார்கள்.

எனவே மத்திய அரசு செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. தேசிய விருது பெறும் படங்களை, எந்த மொழியாயினும், உரிய கட்டணம் கொடுத்து வாங்கித் தூர்தர்ஷனில் மக்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஒளிபரப்ப வேண்டும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' இணையத் தளமும் இதற்கெனவே பயன்படலாம். ஒரு குறிப்பிட்ட செலவு வரம்புக்குள் எடுக்கப்படும் படங்களுக்கு, சீட்டின் விலை எதுவாயினும், 5 சதவீத வரியே போதும் என்று சரக்கு - சேவை வரிக் கவுன்சில் முடிவெடுக்கலாம். மல்டிபிளெக்ஸ்களில் மாலை நேரக் காட்சி ஒன்றையாவது சிறிய படங்களுக்கு ஒதுக்க வழி காண வேண்டும். மராத்திப் படங்களுக்காக 2015-இல் மகாராஷ்டிர அரசு அத்தகைய ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் அரசு அரங்குகளில் வார இறுதியில் திரையிட வசதி செய்யலாம். தணிக்கைத் தீர்ப்பாயத்தை மீண்டும் அமைக்க வேண்டும்.

அரசியல்வாதிகளுக்குப் பெரிய படங்களின் மீது இருக்கும் ஆர்வம் அனைவரும் அறிந்ததே. தமக்கு ஆதரவான படத்துக்கு வரி விலக்கு, எதிரான படத்துக்குத் தடை என்ற அளவில்தான் சினிமா குறித்த விவாதம் பல மாநிலங்களில் நடைபெறுகிறது. யாரையும் ஆதரிக்காமலும் யாரையும் வசைபாடாமலும், ஒரு விதவைத் தாயும் அவள் மகளும் வெள்ளத்துக்கு நடுவே எப்படி வாழ்கிறார்கள் என்று சொல்லும் படத்துக்காக அவையில் எழுந்து பேச யாருக்கும் அரசியல் ஆதாயம் இல்லை. அதனாலேயே அதைப் பேச வேண்டிய கடமை நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. சந்தையில் குரலற்றவர்களுக்காகப் பேசத்தான் மக்கள் அவை.

'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' படத்தில் சாய்காவ் சிறுவர்கள் தெர்மோகோலில் இசைக்கருவிகள் செய்து வைத்துக்கொண்டு, பெரிய மேடையில் நிற்பதாகப் பாவித்து ஆடுகிறார்கள். அந்தக் காட்சியை டொராண்டோவில் பார்த்துக் கைதட்டினார்கள். அதே காட்சியைப் பார்க்கும் உரிமை சேலத்திலும் சில்சரிலும் ஜபல்பூரிலும் இருக்கும் சிறுவர்களுக்கும் உண்டு. அடுத்த முறை திரைப்படம் தொடர்பான மசோதா ஒன்று அவைக்கு வரும்போது, திருடர்களைப் பற்றிய பிரிவுகளோடு பார்வையாளர்களைப் பற்றிய ஒரு பிரிவையும் உறுப்பினர்கள் கேட்டுப் பெற வேண்டும்.